வீட்டில் மின் வாகனத்துக்கு எப்போது, எவ்வளவு வேகத்தில் சார்ஜ் ஏற்றுவது: முழுமையான வழிகாட்டி

ஒரு மின் வாகனம் ஒரு நாளில் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவு, குடியிருப்புப் பகுதியின் மின் கட்டமைப்பால் தாங்க முடியாத ஒன்றல்ல. தெருவிலுள்ள எல்லா வாகனங்களும், வேலை முடிந்து வீடு திரும்பிய அதே ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அந்த மின்சாரத்தை இழுக்கும்போதுதான் மின்மாற்றி சூடேறுகிறது, தெருக்கோடி வீட்டில் மின்னழுத்தம் இறங்குகிறது, ஃபியூஸ் போகிறது. ஆகவே கவனிக்க வேண்டியது மொத்த யூனிட்டுகளை அல்ல, அவை எந்த நேரத்தில் எவ்வளவு வேகமாக இழுக்கப்படுகின்றன என்பதைத்தான்.

புதிதாக வாகனம் வாங்குபவர்களில் பலர், செயலியைத் திறந்து நள்ளிரவு 12 மணி என்று குறித்துவிட்டு அத்துடன் வேலை முடிந்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். நேரம் குறிப்பது ஆறாவது படி. அதற்கு முந்தைய படிகளைத் தாண்டிவிட்டு அதை மட்டும் செய்தால், மாலை நெரிசல் நள்ளிரவுக்கு இடம் மாறுமே தவிரக் குறையாது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்; ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் எண் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வாகனக் கையேட்டிலிருந்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மின்கலத் தொகுப்பு எத்தனை யூனிட் (கையேட்டில் கிலோவாட்-மணி, அதாவது kWh, என்று இருக்கும்; இரண்டும் ஒன்றே) கொள்ளும் என்பது ஒன்று, வாகனத்துக்குள்ளேயே இருக்கும் சார்ஜரின் உச்சத் திறன் எத்தனை கிலோவாட் என்பது மற்றொன்று. சுவரில் மாட்டிய கருவி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், வாகனத்தின் உள் சார்ஜர் ஏற்கும் அளவுக்கு மேல் வீட்டு மின்சாரம் உள்ளே போகாது. இதை அறியாமல் பெரிய கருவிக்குச் செலவழித்தவர்கள் நிறையப் பேர்.

மின் இணைப்பு ஆவணத்திலோ கட்டண ரசீதிலோ, அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு, இணைப்பு ஒரு ஃபேஸா மூன்று ஃபேஸா, நேரத்துக்கு ஏற்ப மாறும் கட்டணம் உண்டா என்று பாருங்கள். கடந்த ஒரு வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஓட்டிய தூரத்தையும், காலையில் வழக்கமாகப் புறப்படும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

மின்னேற்றத்துக்கெனத் தனிச் சுற்று, அதற்கென்று தனி பிரேக்கர், கசிவு மின்னோட்டப் பாதுகாப்பு, சரியான எர்த் ஆகியவை இருப்பதைத் தகுதிபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு உறுதிசெய்துகொள்வது கட்டாயம். வீட்டிலுள்ள மற்ற கருவிகள் பெரும்பாலும் விட்டுவிட்டு ஓடுபவை. வாகனமோ பல மணி நேரம் ஒரே அளவு மின்னோட்டத்தை இடைவிடாமல் இழுக்கும். தளர்ந்த ஒரு முனை அப்போதுதான் சூடேறும். வீட்டார் உறங்கும் வேளையில் நடக்கப்போகும் வேலை என்பதால், இந்தச் சோதனை முடியாமல் நேரம் குறிப்பதைப் பற்றி நினைக்கவே கூடாது.

2. ஒரு நாளின் உண்மையான தேவையைக் கணக்கிடுங்கள்

சாதாரணக் கார் ஒன்று 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 முதல் 20 யூனிட் வரை செலவழிக்கும். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் தேவை 6 முதல் 8 யூனிட். சார்ஜரிலும் கேபிளிலும் வெப்பமாகப் போகும் 10 முதல் 15 சதவீதத்தைச் சேர்த்தால், மின் அளவியில் ஏறக்கூடியது 7 முதல் 9 யூனிட். இனிவரும் கணக்குகளில் 9 யூனிட் என்றே வைத்துக்கொள்வோம்.

இங்கே நேரும் பிழை எப்போதும் ஒன்றுதான். 50 யூனிட் கொள்ளும் மின்கலத்தைத் தினமும் அடியிலிருந்து நுனிவரை நிரப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டு, இரவு முழுவதும் முழு வேகத்தில் ஏற்றினாலொழியப் போதாது என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். நிரப்ப வேண்டியது அன்றைக்குச் செலவான பகுதியை மட்டுமே. 9 யூனிட்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டால், அடுத்த படிகளை எடுப்பதற்கான துணிவு தானாக வரும்.

மின் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றின் மின்கலம் பெரும்பாலும் 2 முதல் 4 யூனிட் வரைதான் கொள்ளும், அவற்றுடன் வரும் சார்ஜரும் சிறியது. அவர்கள் ஐந்தாம் படியை விட்டுவிடலாம். நேரத்தைத் தள்ளி வைத்தாலே போதும்.

3. உங்கள் இணைப்பின் எல்லையைக் கண்டறியுங்கள்

230 வோல்ட் ஒரு ஃபேஸ் இணைப்பில் 16 ஆம்பியர் என்பது ஏறத்தாழ 3.7 கிலோவாட், 32 ஆம்பியர் என்பது 7.4 கிலோவாட். மூன்று ஃபேஸிலும் 16 ஆம்பியர் இழுத்தால் 11 கிலோவாட். அனுமதிக்கப்பட்ட மின்பளுவிலிருந்து, இரவில் உண்மையாகவே ஓடும் மற்ற கருவிகளின் பளுவைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவதுதான் வாகனத்துக்கான உச்ச எல்லை.

பல மணி நேரம் தொடர்ந்து ஓடும் பளுவை, பிரேக்கரின் அளவில் 80 சதவீதத்துக்குள் வைப்பது நல்லது. 32 ஆம்பியர் சார்ஜருக்கு 40 ஆம்பியர் பிரேக்கர் என்பது இந்தக் கணக்கில் வருவதே. எல்லை இவ்வளவு என்பதால் அதுவரை இழுத்தாக வேண்டும் என்று பொருளில்லை.

4. உங்கள் பகுதியின் நெரிசல் நேரத்தை அறியுங்கள்

பெரும்பாலான குடியிருப்புகளில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மின்தேவை உச்சத்தில் இருக்கும். விளக்கு, சமையல், குளிரூட்டல் எல்லாம் அப்போதுதான் ஒன்றுகூடுகின்றன. ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வெப்பமான பருவத்தில் ஏசி பளு நள்ளிரவைத் தாண்டியும் இறங்காமல் இருக்கலாம். மின்சாரத்தால் வீட்டைச் சூடாக்கும் இடங்களில் விடியற்காலையே கடுமையான நேரமாக இருக்கலாம். கூரைகளில் சூரிய மின்தகடுகள் நிறைந்த பகுதியில் நண்பகல்தான் மிகவும் தளர்வான நேரம். பகலில் வண்டி வீட்டில் நிற்கும் என்றால் இரவை விட அதுவே மேல்.

மின் நிறுவனம் அறிவிக்கும் மலிவு நேரம், ஒட்டுமொத்த மின் கட்டமைப்பையும் பார்த்து வகுக்கப்பட்டது. உங்கள் தெரு மின்மாற்றியின் நிலை அதிலிருந்து மாறுபடலாம் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

உங்கள் தெருவின் நிலையை அறிய எளிய வழி ஒன்று உண்டு. சார்ஜரின் செயலியிலோ, மின்னழுத்தம் காட்டும் சிறு கருவி ஒன்றிலோ, மாலை 5 மணி முதல் காலை 8 மணி வரையிலான மின்னழுத்தத்தை மணிக்கொருமுறை பாருங்கள். பதிவுசெய்து வைக்கும் கருவியாக இருந்தால் விழித்திருக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டின் பெரிய கருவிகள் ஓடாத நேரத்தில் எடுத்த அளவுகளை மட்டும் ஒப்பிடுங்கள். எந்த மணியில் மின்னழுத்தம் மிகவும் இறங்கியிருக்கிறதோ அதுவே உங்கள் பகுதி திணறும் நேரம். மேலே ஏறி நிலையாக நிற்கும் மணிகள்தான் நீங்கள் பயன்படுத்த வேண்டியவை. வேலை நாளும் விடுமுறை நாளும் வேறுபடும் என்பதால் சில நாள் பார்த்து முடிவுசெய்வது நல்லது.

5. முதலில் ஆம்பியரைக் குறையுங்கள்

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான படி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். நேரத்தைத் தள்ளி வைப்பதன் பலன், அக்கம்பக்கத்தார் அதே நேரத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதைப் பொறுத்தது. ஆம்பியரைக் குறைப்பதன் பலன் யாரையும் பொறுத்ததல்ல. எல்லோரும் ஒரே நொடியில் தொடங்கினாலும் கூட்டுத்தொகை சிறியதாகவே இருக்கும்.

100 கிலோவோல்ட்-ஆம்பியர் (ஏறத்தாழ 100 கிலோவாட் பளு தாங்கும்) மின்மாற்றி ஒன்றிலிருந்து மின்சாரம் பெறும் தெருவில் பத்துக் கார்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தும் 32 ஆம்பியரில் இழுத்தால் 74 கிலோவாட். வீடுகளின் வழக்கமான பளு இதற்கு மேல் தனி. பத்தும் 10 ஆம்பியரில் இழுத்தால் 23 கிலோவாட்தான். முதல் முறையில் ஒவ்வொரு காருக்கும் 9 யூனிட் ஏற ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இரண்டாவது முறையில் நான்கு மணி நேரம். காலையில் எழும்போது இரண்டு முறையிலும் கார் தயாராகவே இருக்கும்.

இந்த வேறுபாடு மின்மாற்றிக்கு ஏன் இவ்வளவு பெரியது என்றால், அதன் சுருள்களில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. 60 சதவீதப் பளுவில் ஓடும் மின்மாற்றியை 120 சதவீதத்துக்குத் தள்ளினால், சுருள் வெப்பம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகும். எண்ணெய்க்குள் இருக்கும் சாதாரணக் காப்புக் காகிதத்தைப் பொறுத்தவரை, அதன் மிகச் சூடான புள்ளி 98 டிகிரி செல்சியஸை எட்டிய நிலையை அடிப்படையாகக் கொண்டால், அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் அது முதுமையடையும் வேகம் இரட்டிப்பாகிறது. இரவு என்பது மின்மாற்றி ஆறும் நேரமும்கூட. ஆகவே மாலைப் பளுவை அப்படியே கொண்டுபோய் இரவில் கொட்டுவதை விட, தாழ்வாகவும் சமமாகவும் பரப்புவதே அதற்கு நல்லது.

அளவைக் குறைப்பது எளிது. சார்ஜரும் வாகனமும் ஒரு கட்டுப்பாட்டுக் கம்பியின் வழியே 1,000 ஹெர்ட்ஸ் துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. துடிப்பின் அகலத்தைக் கொண்டு, எத்தனை ஆம்பியர் வரை இழுக்கலாம் என்று சார்ஜர் வாகனத்துக்குச் சொல்கிறது. இந்த முறையில் கீழ் எல்லை 6 ஆம்பியர். அதனால்தான் பெரும்பாலான செயலிகளில் அதற்குக் கீழே அளவைக் குறைக்க முடிவதில்லை.

அதற்காக எப்போதும் 6 ஆம்பியரிலேயே வைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மின்னேற்றம் நடக்கும்வரை வாகனத்தின் கணினிகளும் குளிர்விப்புப் பம்புகளும் விழித்திருக்கும். அதற்குச் சில நூறு வாட் செலவாகும். 6 ஆம்பியர் என்பது ஏறத்தாழ 1.4 கிலோவாட்தான் என்பதால் அதில் கணிசமான பங்கு இப்படியே போய்விடும். ஒரு ஃபேஸ் இணைப்பில் 10 முதல் 16 ஆம்பியர் வரையிலான அளவு, வீணாவதற்கும் நெரிசலுக்கும் நடுவே நல்ல இடம். இரண்டாம் படியில் கிடைத்த யூனிட்டைக் கிடைக்கும் மணி நேரத்தால் வகுத்து, வரும் கிலோவாட்டுக்கு அடுத்த மேல் அளவைத் தேர்ந்தெடுங்கள்.

6. புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி நேரம் குறியுங்கள்

காலை 7 மணிக்குப் புறப்பட வேண்டும். 6 மணிக்கு மேல் வெந்நீர், சமையல் என்று காலைப் பளு தொடங்கிவிடும். ஆகவே 6 மணிக்குள் முடிய வேண்டும். 10 ஆம்பியரில் நான்கு மணி நேரம் என்றால் 2 மணிக்குத் தொடங்கலாம். ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு 1 மணி என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் படியில் கண்ட நெரிசல் நேரம் இந்த இடைவெளிக்குள் வராமல் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடிப்பதை விட, புறப்படும் நேரத்தை ஒட்டி முடிப்பது மின்கலத்துக்கும் நல்லது. லித்தியம் மின்கலம் நிரம்பிய நிலையில் நெடுநேரம் சும்மா நிற்கும்போது விரைவாக முதுமையடையும். குளிர் மிகுந்த பருவத்தில் இன்னொரு பயனும் உண்டு: மின்னேற்றத்தால் சற்றே சூடேறிய மின்கலத்துடன் பயணத்தைத் தொடங்கலாம். அன்றாட உச்ச வரம்பை 80 சதவீதம் என்று வைப்பது பெரும்பாலான வாகனங்களுக்குப் பொருந்தும். இரும்பு பாஸ்பேட் வகை மின்கலம் என்றால், அவ்வப்போது 100 சதவீதம்வரை ஏற்றச் சொல்லும் தயாரிப்பாளரின் அறிவுரையைப் பின்பற்றுங்கள்.

புறப்படும் முன் கேபினைக் குளிரவோ சூடாகவோ வைக்கும் வசதி சில கிலோவாட் இழுக்கும். அது சரியாகக் காலை நெரிசலில் வந்து விழும். தேவையான நாளில் மட்டும் பயன்படுத்துங்கள்.

7. தொடங்கும் நிமிடத்தைச் சிதறவிடுங்கள்

மாலையில் மக்கள் வீடு திரும்பும் நேரம் இயல்பாகவே முன்பின்னாக இருக்கும். மலிவுக் கட்டணம் 12 மணிக்குத் தொடங்குகிறது என்றாலோ, அதற்காகக் காத்திருக்கும் எல்லாச் சார்ஜர்களும் 12 மணி 0 நிமிடம் 0 நொடிக்கு ஒன்றாக விழித்துக்கொள்ளும். மாலையில் இல்லாத செங்குத்தான ஏற்றம் அந்த நொடியில் உண்டாகும். நேரம் குறிக்கும் பழக்கம் பரவப் பரவ இது கடுமையாகும்.

இதைத் தடுக்கவே பிரிட்டனில் 2021ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், 2022 ஜூன் 30 முதல் விற்கப்படும் வீட்டுச் சார்ஜர்களில், இயல்பாகவே 10 நிமிடம்வரை தற்செயலான தாமதம் இருக்க வேண்டும் என்றும், தேவையானால் அதை 30 நிமிடம்வரை நீட்டிக்க இயல வேண்டும் என்றும் கட்டாயமாக்கின. வேலை நாட்களில் காலை 8 முதல் 11 வரையிலும் மாலை 4 முதல் இரவு 10 வரையிலும் சார்ஜ் ஏற்றாதவாறு முன்கூட்டியே அமைத்துத் தர வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு. உரிமையாளர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் கருவியில் இத்தகைய தாமத வசதி இருந்தால் அதை அணைக்காதீர்கள். குறித்த நேரத்தில் தொடங்காததைக் கருவியின் பழுது என்று எண்ணி அணைத்துவிடுபவர்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வசதி இல்லையென்றால் 1 மணி, 2 மணி என்று முழு மணியில் குறிக்காமல் 1 மணி 17 நிமிடம், 2 மணி 41 நிமிடம் என்று உதிரி நிமிடமாகக் குறியுங்கள். தெருவில் பேசி வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது: ஒற்றைப்படை எண் வீடுகள் முன்னிரவுப் பாதி, இரட்டைப்படை எண் வீடுகள் பின்னிரவுப் பாதி என்று பிரித்துக்கொள்ளும் எளிய ஏற்பாடே போதும்.

8. அட்டவணையை ஒரே இடத்தில் வையுங்கள்

வாகனத்திலும் நேரம் குறிக்கலாம், சார்ஜரிலும் குறிக்கலாம். இரண்டிலும் குறித்தால், இரண்டு இடைவெளிகளும் ஒன்றின்மேல் ஒன்று படியும் நேரத்தில் மட்டுமே மின்சாரம் பாயும். வாகனத்தில் 11 முதல் 2 வரை, சார்ஜரில் 2 முதல் 6 வரை என்று இருந்தால் காலையில் மின்கலம் ஏறாமலே நிற்கும். புதியவர்கள் உதவி கேட்டு வரும் சிக்கல்களில் அடிக்கடி காண்பது இதுவே.

ஒரே வாகனம், அதில் வீட்டு இருப்பிடத்தை அறிந்து செயல்படும் அட்டவணை உண்டு என்றால் வாகனத்தில் வையுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வாகனங்கள் இருந்தாலோ, வீட்டுப் பளுவை அளக்கும் உணரி சார்ஜருடன் இணைந்திருந்தாலோ சார்ஜரில் வையுங்கள். மின் நிறுவனமே நேரத்தை இயக்கும் திட்டத்தில் சேர்ந்திருந்தால் மற்ற இரண்டையும் நீக்கிவிடுங்கள். சில வாகனங்கள் இணைத்த சிறிது நேரத்தில் உறக்க நிலைக்குப் போய், சார்ஜர் தாமதமாக மின்சாரம் தரும்போது விழிப்பதில்லை. அத்தகைய வாகனத்துக்கு அட்டவணை வாகனத்திலேயே இருப்பதுதான் வழி.

சாதாரணச் சுவர் டைமரைக் கொண்டு மின்சாரத்தை வெட்டி இணைப்பதை அறவே தவிர்க்க வேண்டும். பளு ஓடும்போதே அது இணைப்பைத் துண்டிப்பதால் தொடுமுனைகள் நாளடைவில் கருகும்.

9. பல வீடுகள் ஓர் இணைப்பைப் பகிரும் அடுக்ககங்களில்

இங்கே தனித்தனி அட்டவணை போதாது. கட்டடத்தின் மொத்த மின்னோட்டத்தை அளந்து, மிஞ்சும் அளவைச் சார்ஜர்களுக்குப் பங்கிடும் பளு மேலாண்மை தேவை. வாகனங்களுக்கு 32 ஆம்பியர் மிஞ்சுகிறது என்றால் நான்கு கார்களுக்குத் தலா 8 ஆம்பியர் தரலாம். ஆறு கார்கள் என்றால் தலா 5.3 ஆம்பியர் வரும். அது 6 ஆம்பியர் கீழ் எல்லைக்கும் குறைவு. ஆகவே ஐந்து கார்கள் ஏற ஒன்று காத்திருக்கும்படி சுழற்ற வேண்டும். கருவி வாங்கும்போதே இந்தச் சுழற்சியை அது செய்யுமா என்று கேளுங்கள்.

ஒரு ஃபேஸ் சார்ஜர்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபேஸில் இணைத்துவிட்டால் அந்த ஃபேஸ் மட்டும் திணறும், நியூட்ரலிலும் மின்னோட்டம் கூடும். பொருத்தும்போதே மூன்று ஃபேஸ்களிலும் மாறி மாறி இணைக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, எந்தச் சார்ஜர் எந்த ஃபேஸில் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கருவிகளுக்கிடையே தொடர்பு அறுந்தால் ஒவ்வொன்றும் பாதுகாப்பான குறைந்த அளவுக்கு இறங்குமாறு அமைப்பதும் அவசியம். இல்லையேல் ஒரு வைஃபை கோளாறு போதும், எல்லாம் முழு வேகத்துக்குப் போய்விடும். ஓ.சி.பி.பி. என்னும் பொது நெறிமுறையை ஏற்கும் சார்ஜராக இருந்தால், பின்னாளில் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்ற வேண்டி வந்தாலும் கருவியை மாற்ற வேண்டியிராது.

10. முதல் இரவில் சோதித்துப் பாருங்கள்

வண்டியை இணைக்கும்போதும் மறுநாள் காலையிலும் மின் அளவியைக் குறித்துக்கொள்ளுங்கள். சார்ஜரே தான் கொடுத்த யூனிட்டைக் காட்டுமானால் அது இன்னும் துல்லியம். கணக்கிட்ட யூனிட்டுக்கு மிகக் குறைவாக ஏறியிருந்தால் அட்டவணை மோதல் இருக்கலாம். மிக அதிகமாக இருந்தால் வாகனம் உச்ச வரம்பைத் தாண்டி ஏற்றியிருக்கலாம்.

மின்னேற்றம் தொடங்கி அரை மணி கழித்துப் பிளக், கேபிள், பிரேக்கர் பெட்டியின் வெளிப்புறம் ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கை வைக்க முடியாத சூடு இருந்தால் உடனே நிறுத்துங்கள். தொடங்குவதற்கு முன்னும் தொடங்கிய பின்னும் மின்னழுத்தத்தைப் பாருங்கள். சில வோல்ட் இறங்குவதில் குறையில்லை. 10 ஆம்பியருக்கே 10 வோல்ட்டுக்கு மேல் இறங்கினால், எங்கோ ஒரு முனை தளர்ந்திருக்கிறது அல்லது கம்பி மெல்லியது. எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மறுபடி ஏற்ற வேண்டாம். இந்தச் சோதனைக்காகத் தொடக்க நேரத்தை ஒரு நாள் மட்டும் முன்னே கொண்டுவரலாம். முடிந்ததும் பழைய நேரத்துக்கு மாற்றிவிட்டீர்களா என்று பாருங்கள்.

11. வழக்கம் மாறும் நாட்கள்

மறுநாள் நெடும்பயணம் என்றால் ஆம்பியரை உயர்த்துவதற்கு முன், அதே ஆம்பியரில் கூடுதல் நேரம் கிடைக்குமா என்று பாருங்கள். முந்தைய இரவிலேயே வரம்பை உயர்த்தி இரண்டு இரவுகளாகப் பிரித்து ஏற்றுவது பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். அவசரத்துக்கு அழுத்தும் உடனடித் தொடக்கப் பொத்தானைக் குடும்பத்தில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள். அது தெரியாதவர்கள்தான் ஒருநாள் அட்டவணையையே அழித்துவிட்டு, திரும்ப அமைக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

மின்தடைக்குப் பின் மின்சாரம் திரும்பும் நிமிடம் மிகவும் நுட்பமானது. அணைந்திருந்த ஏசிகளும் குளிர்பதனப் பெட்டிகளும் ஒன்றாக எழும் அந்த வேளையில் வாகனமும் சேர்ந்து இழுக்கக் கூடாது. மின்சாரம் திரும்பியதும் சில நிமிடம் காத்திருந்து தொடங்கும் அமைப்பு சார்ஜரில் இருந்தால் இயக்கி வையுங்கள். இணையத் தொடர்பு இல்லாத சில கருவிகளின் கடிகாரம் தடைக்குப் பின் தவறிப்போகும் என்பதால், நேரம் சரியாக இருக்கிறதா என்று அன்றே பாருங்கள்.

பருவம் மாறும்போது நான்காம் படியின் மின்னழுத்தப் பதிவை மறுபடி எடுங்கள்; கோடையில் நள்ளிரவு 1 மணி தளர்வான நேரமாக இல்லாமல் போகலாம். வாகன மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் ஆம்பியர், உச்ச வரம்பு, தொடக்க நேரம் ஆகிய மூன்றும் பழைய இடத்திலேயே இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள்.